அந்தரத்தில் ஒரு கை

எழுத்தாளர் இறந்து இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆன பிறகு, அவர் ஒரு மேதை என்று இலக்கிய மேன்மைப் பேரவை ஒருமனதாகத் தீர்மானித்தது. உயிரோடு இருந்தவரை அவருக்கும் பேரவைக்கும் ஏழாம் பொருத்தம். அவருடைய 'உள்தையல்' நாவலை வாங்கி அலமாரியில் வைத்த நூலகரைத் தண்ணீர் வசதிகூட இல்லாத கிளைக்குத் தூக்கியடித்ததும் இதே பேரவைதான். ஆனால் செத்தவர்களிடம் சில வசதிகள் உண்டு. எதிர்த்துப் பேச மாட்டார்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்கள், கூப்பிடாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பேரவை எதிர்பார்க்கிற தகுதிகள் எல்லாம் எழுத்தாளருக்கு ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தன.

ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. எழுத்தாளர்தான் போயிருந்தார். தையல்காரர் இருந்தார்.

தையல்காரர் அந்த வீட்டில் எழுத்தாளரோடு முப்பத்தொரு வருடம் வாழ்ந்தவர். முன்னறையில் தையல் மிஷின், பின்னறையில் எழுதும் மேஜை, நடுவில் ஒரு படுக்கையறை, அதில் ஒரு கட்டில். தெருவில் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதில் அந்தத் தெரு பயங்கரக் கெட்டிக்காரத் தெரு. சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள், உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டால், "அவருக்கு உடம்பு தேவலையா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அந்த 'அவர்' என்ற ஒரு சொல்லோடு முப்பத்தொரு வருடத்தை அந்தத் தெரு நாசூக்காகக் கடந்துவிட்டது.

வீடு எழுத்தாளருடையது. உயில் எழுதாமல் போய்விட்டதால் சட்டப்படி அது அவருடைய அக்காவுக்குப் போனது. அக்கா கெட்டவர் இல்லை. மாதம் ஒருமுறை வந்து, தையல்காரர் சமைத்ததைச் சாப்பிட்டு, கிழிந்த ரவிக்கைகளைத் தைத்து வாங்கிக்கொண்டு போகிறவர். உயிரோடு இருந்தபோது தம்பிக்குக் கிடைக்காத மரியாதை செத்த பிறகாவது கிடைக்கட்டும் என்று நினைவு இல்லம் கட்டுவதற்காக வீட்டைப் பேரவைக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். தையல்காரரிடமும் வந்து சொன்னார். "உனக்கு ஒரு குறையும் வராது தம்பி. உன்னைக் கேட்காம எதையும் தொட மாட்டாங்க, நான் சொல்லியிருக்கேன்."

அடுத்த வாரம் பேரவை கூப்பிட்டு அனுப்பியது.

செயலர் தன்மையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், ஒரு படிவத்தை நீட்டினார். அதில் 'அமரருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குள் ஒன்பது உறவுகளை வரிசையாக அச்சடித்திருந்தார்கள். பொருந்தாதவற்றை அடித்துவிட வேண்டுமாம். தையல்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் கவனமாக அடித்துக்கொண்டே வந்தார். மனைவி, மகன், மகள், தாய், தகப்பன் எல்லாம் போனார்கள். ஒன்பதாவதும் போனது. செயலர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஒன்பதையும் அடிச்சிட்டா நீங்க யாருமே இல்லன்னு ஆயிடும். ஏதாவது ஒண்ணை விட்டாகணும்."

பிறகு அவரே ரப்பரை எடுத்து ஒன்பதாவதன் மேலிருந்த கோட்டை அழித்துக்கொடுத்தார். அங்கே 'பணியாளர்' என்று இருந்தது. இது வெறும் சம்பிரதாயம்தான், பணியாளர் என்றால்தான் பராமரிப்பாளராகப் போட்டு வீட்டிலேயே தங்க அனுமதிக்க முடியும், விதி அப்படி என்றார். தையல்காரருக்கு வேறு போக்கிடம் இல்லை. அந்த வீட்டை விட்டு வெளியே அவருக்கு வாழ்க்கை என்று ஒன்று இருந்ததும் இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நினைவு இல்லத்தில் எங்கேயாவது ஒரு மூலையில், தானும் இங்கே வாழ்ந்ததாக ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். ஒரு வரிதானே, தாராளமாகப் போட்டுவிடலாம், குழுவில் வைத்துப் போட்டுவிடலாம் என்றார் செயலர். குழுவில் வைப்பது என்றால் என்ன என்று தையல்காரருக்கு அப்போது தெரியாது.

முதலில் வந்தது இல்லச் சீரமைப்புக் குழு. ஏழு பேர். படுக்கையறையில் நுழைந்ததும் ஏழு பேரும் அந்த ஒற்றைக் கட்டிலைப் பார்த்தார்கள், பிறகு உத்தரத்தைப் பார்த்தார்கள். உத்தரத்தின் உறுதியைப் பற்றிப் பத்து நிமிடம் விவாதித்தார்கள். மறுநாள் புதிதாக ஒரு குறுகிய இரும்புக் கட்டில் வந்து முன்னறையில் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதில் 'பணியாளரின் படுக்கை' என்று அட்டை தொங்கியது. பழைய கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அதிலிருந்த இரண்டு தலையணைகளில் ஒன்றை எடுத்துவிடுவதென்று நான்குக்கு மூன்று வாக்கில் முடிவானது. எழுத்தாளருக்கு இரண்டு தலையணை வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்ததாகச் சொல்லிவிடலாம் என்ற மூன்று பேர் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். தையல் மிஷினுக்கு எண் பதினான்கு ஒட்டி, அது எழுத்தாளர் மன இறுக்கம் தீரச் சுழற்றிப் பார்த்த கருவி என்று எழுதி வைத்தார்கள்.

"ஐயா, இதுல நான்தான் தைச்சேன்," என்றார் தையல்காரர்.

"இருக்கலாம்," என்றார் குழுவின் தலைவர். "ஆனா நீங்க யாருன்னு பார்வையாளர் கேட்பாங்களே."

அடுத்தது கம்பீரத் துணைக்குழு. எழுத்தாளருக்குச் சிலை வைப்பதாக முடிவாகியிருந்தது. சிலையில் ஆண்மை குறையக்கூடாது என்பதைப் பார்த்துக்கொள்ள இந்தக் குழு. அதற்குத் தலைவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். எழுத்தாளருக்குப் பூப்போட்ட சட்டைகள்மேல் ஆசை. அலமாரியில் தையல்காரர் தைத்த பதினொரு சட்டைகள் தொங்கின. அத்தனையும் பூ. குழு அவற்றை மூட்டையாகக் கட்டி முத்திரை வைத்தது. பிறகு உடலளவுகள் வேண்டும் என்றார்கள். தையல்காரர் குறிப்பேட்டைப் பார்க்காமலே கடகடவென்று சொன்னார். மார்பு முப்பத்து நான்கு, தோள் பதினாறரை, கை இருபத்து மூன்று. ஆசிரியர் எழுந்து நின்று ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"எழுத்தாளன்கிறவன் முதல்ல ஆம்பளை. அப்புறம்தான் மத்தது. நான் முப்பது வருஷம் பசங்களை நெஞ்சை நிமித்தச் சொல்லியிருக்கேன். ஒருத்தன் இடுப்பை வளைச்சு நடந்தா வெயில்ல நிக்க வெப்பேன். ஏன்னா, என்னை அப்படித்தான் எங்கப்பா நிக்க வெச்சாரு. நின்னு நின்னுதான் நான் சரியானேன். இப்பவும் தனியா இருக்கும்போது நெஞ்சை நிமித்தியாங்கிறதைக் கண்ணாடியில பார்த்துக்குவேன். முப்பத்து நாலெல்லாம் ஒரு மார்பே இல்லை."

மார்பு நாற்பத்திரண்டு என்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நாற்பத்திரண்டில் ஒரு சட்டை தைத்தால் அதற்குள் எழுத்தாளரோடு இன்னும் ஒருத்தர் போய்ப் படுத்துக்கொள்ளலாமே என்று தையல்காரர் நினைத்தார். அவர் கேட்ட ஒரு வரி என்ன ஆயிற்று என்று மட்டும் செயலரிடம் கேட்டார். அது கருத்தரங்குக்குப் பிறகுதான் வரும் என்றார் செயலர்.

கருத்தரங்கு இரண்டு நாள் நடந்தது. 'உள்தையல்' நாவலைப் பற்றி ஒன்பது கட்டுரைகள். நாவலில் சொல்லிக்கொள்ளும்படியாகச் சம்பவம் எதுவும் கிடையாது. மழைக்காலம், ஒரு அறை, இரண்டு ஆண்கள். ஒருவன் சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறான். இன்னொருவன் கழுத்தை அளக்கிறான், எண்ணை மறந்துவிடுகிறான், மறுபடி அளக்கிறான். மூன்றாவது தடவை அளக்கும்போது இரண்டு பேருக்குமே தெரிந்துவிடுகிறது, எண் மறக்கவில்லை என்று. அதற்குமேல் நூற்றெண்பது பக்கத்துக்கு மழை.

ஒன்பது கட்டுரைகளும் ஒரே விஷயத்தை நிறுவின. அந்த இரண்டாவது ஆள் ஒரு ஆளே இல்லை. ஒருவர் அவன் மனசாட்சி என்றார். ஒருவர் அவன் அரசு என்றார். ஒருவர் அவன் காலம் என்றும், இஞ்ச் டேப்பில் அறுபது அங்குலம் இருப்பது தற்செயல் அல்ல என்றும், ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்பதை மறந்துவிடக்கூடாது என்றும் சொன்னார். நிறைவுரை ஆற்றியவர் பேராசிரியர். எழுத்தாளரைப் பற்றிப் பேசுவதற்குப் பேரவை அங்கீகரித்த ஒரே ஆள் அவர்தான்.

"இந்த நாவலை நான் நாற்பது தடவை படித்திருக்கிறேன்," என்றார் பேராசிரியர். "முதல் தடவை படித்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அந்த அளவெடுக்கிற பக்கத்தைப் படித்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை. உடம்பெல்லாம் என்னவோ செய்தது. புத்தகத்தை மூடிவிட்டு என் அறைத்தோழனின் முகத்தை ஒரு வாரம் பார்க்காமலே இருந்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இது குறியீடாகத்தான் இருக்க முடியும் என்று. இல்லாவிட்டால் நான் என்ன ஆவது? நவீனத்துவத்தின் பெருமையே இதுதான். அதில் எதுவும் அதுவாக இருப்பதில்லை."

கைதட்டல் அடங்கியதும் கடைசி வரிசையிலிருந்து தையல்காரர் எழுந்தார். இதில் ஏதோ தவறு நடந்துவிட்டது, சொன்னால் திருத்திக்கொள்வார்கள் என்று அவர் மெய்யாகவே நம்பினார்.

"ஐயா, அந்த ஆள் நான்தான். கழுத்து பதினாலரை. நான் மறக்கவே இல்லை."

அரங்கம் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. எளிய வாசகர்கள் பாத்திரத்தோடு இப்படி ஒன்றிப்போவது நாவலின் வெற்றி என்று அன்போடு விளக்கினார். கூட்டம் முடிந்ததும் செயலர் ஒரு தாளோடு வந்து சேர்ந்தார். 'நாவலில் வரும் தையல்காரர் நானல்ல. அவர் யாருமல்ல. இது குறித்து எக்காலத்திலும் உரிமை கோர மாட்டேன்.' கையெழுத்துப் போடாவிட்டால் பராமரிப்பாளர் பதவியை மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும், தனக்கு அதில் துளியும் விருப்பமில்லை என்றார். தையல்காரர் போட்டுக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து இரும்புக் கட்டிலில் உட்கார்ந்தபோது அவருக்குப் பேராசிரியர்மேல் வந்ததைவிட அதிகமான ஆத்திரம் தன்மேல் வந்தது. முப்பத்தொரு வருடத்தை ஒரு பேனாவால் அடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு சிலை வந்தது.

எழுத்தாளர் நேராக நிற்கிற புகைப்படம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. நாவல் வெளிவந்த வாரம் இரண்டு பேரும் ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது. எழுத்தாளர் நெடுநெடுவென்று நிற்கிறார், தையல்காரர் குட்டையாகப் பக்கத்தில் நிற்கிறார். எழுத்தாளரின் வலது கை தையல்காரரின் இடது தோள்மேல் இருக்கிறது. பேரவை அந்தப் படத்தைச் சிற்பியிடம் கொடுக்குமுன் பாதியாக வெட்டியது. வெட்டியவர் கைக்குத் தீங்கு வரக்கூடாது என்று விரல் நுனிவரை விட்டுவைத்து, தோளை மட்டும் மிகத் துல்லியமாக நீக்கியிருந்தார். சிற்பி நேர்மையான ஆள். கொடுத்ததைக் கொடுத்தபடியே செய்து கொண்டுவந்து நிறுத்தினார். திறப்பு விழாவுக்கு வரும் அமைச்சர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு வெண்கலத்தில் வார்ப்பதாகவும் அதுவரை சாந்துதான் என்றும் ஏற்பாடு.

சாக்கை அவிழ்த்ததும் குழு சிலையைச் சுற்றி வந்தது. முகம் பரவாயில்லை. மார்பு தீர்மானத்தின்படியே இருந்தது. ஆனால் வலது கை பக்கவாட்டில் நீண்டு, உள்ளங்கை கீழ்நோக்கி, விரல்கள் லேசாக வளைந்து, காற்றை இதமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. யாரையோ தள்ளிவிடுகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி என்றார் இன்னொருவர். உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓரத்தில் தேநீர்த் தட்டோடு நின்ற தையல்காரருக்கு இடது தோள் கனத்தது.

கைக்குக் கீழே எதையாவது வைத்தாக வேண்டும். குழு மூன்று நாள் கூடியது. ஒரு குழந்தை வைக்கலாம் என்றார்கள், யார் குழந்தை என்ற கேள்வி வந்தது. சிங்கம் வைக்கலாம் என்றார்கள், அந்த உயரத்துக்குச் சிங்கம் எழுந்து நிற்க வேண்டும். கடைசியில் செயலர் ஒரு மனைவியை வைத்துவிடலாம் என்றார். எழுத்தாளருக்குத் திருமணமே ஆகவில்லையே என்று ஒருவர் இழுத்தார். அதைச் சிலையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றார் செயலர். அக்காவிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெயர் என்ன என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டார். மனைவி ஏறக்குறைய நிறைவேறிவிட்டாள். ஆனால் மனைவி செய்ய நான்கு மாதம் ஆகும் என்று சிற்பி சொல்லிவிட்டதால் ஒரு தூணோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று.

தூணின் உயரம் என்ன என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லுமுன் தையல்காரர், "ஐம்பத்தொண்ணு," என்றார். சிற்பி முட்டி போட்டுக் கைக்கும் தரைக்கும் அளந்து பார்த்தார். ஐம்பத்தொன்று, நூல் பிசகவில்லை. முட்டி போட்டபடியே தையல்காரரின் தோளைப் பார்த்தார். மறுநாள் சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்தார்.

"படத்துல பக்கத்துல நின்னது நீங்கதானா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் சேர்த்தே செஞ்சிருப்பேனே."

அந்த ஒரு வாக்கியத்துக்குத் தையல்காரர் அழுதுவிட்டார். எழுத்தாளர் இறந்தபோது வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அவரால் அழ முடியவில்லை. துக்கம் விசாரித்தவர்கள் எல்லாரும் அக்காவிடம் விசாரித்தார்கள். தையல்காரர் எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கம்பீரத் துணைக்குழு ஐம்பத்தொரு அங்குலத்தை ஏற்கவில்லை. மேதையின் பக்கத்தில் இத்தனை குட்டையான தூண் நிற்பது மேதைமைக்கே இழுக்கு என்று சொல்லி, அறுபத்து மூன்று என்று வாக்கெடுத்துத் திருத்தியது. தூணும் கையும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும் என்பது வாக்கெடுப்பின்போது யாருக்கும் தோன்றவில்லை. திறப்பு விழா அன்று காலையில் தூண் வந்து இறங்கியது. கையைவிட ஒரு அடி உயரம். எப்படியாவது அடியில் நுழைத்துவிடலாம் என்று நான்கு பேர் சேர்ந்து கையைத் தூக்கினார்கள். முழங்கையில் சாந்து வெடித்து உள்ளே கம்பி தெரிந்தது. கை மெதுவாகத் தொங்க ஆரம்பித்தது. அமைச்சர் வர ஒன்றரை மணி நேரம் இருந்தது.

செயலர் தையல்காரரைத் தேடி ஓடி வந்தார். இப்போது அவர் குரலில் தன்மையைவிடப் பயம் அதிகம். வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு கைக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்றால் போதும், ஆயுசு முழுக்க வீட்டில் இருக்கலாம் என்று கடிதமே தயாராக இருக்கிறது என்றார். தையல்காரர் கடிதத்தைப் பார்க்கவில்லை. வெடித்த முழங்கையைப் பார்த்தார். கடைசி ஏழு மாதம் எழுத்தாளருக்கு அந்த வலது கைதான் விளங்காமல் போயிருந்தது. அதைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்ததும், தூக்கத்தில் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்போது எடுத்து மேலே வைத்ததும் அவர்தான். சாந்துதான் என்று தெரிந்தும் அது தொங்குவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. போய் நின்றார். கை தோளில் வந்து உட்கார்ந்தது.

துணிக்கு வெளியே தலை துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைத் தூணின் மகுடம் என்று பேராசிரியர் பெயர் வைத்துச் சமாளித்தார். வந்திருந்த நானூறு பேருக்கும் அது ஒரு ஆள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மூச்சு விடுவதும் தெரிந்தது. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அமைச்சர் கயிற்றை இழுத்தார், திரை விழுந்தது, தட்டினார்கள்.

பேரவைத் தலைவர் பேசினார். உடற்பயிற்சி ஆசிரியர் பேசுவதாக இருந்தது, தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர் வந்து மைக்கைப் பிடித்தார். எழுத்தாளரின் தனிமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பிறகு குரலை உயர்த்தினார். "இந்த வீட்டில் இன்னொருவர் வாழ்ந்ததாகச் சில விஷமிகள் சொல்லித் திரிகிறார்கள். ஆய்வுபூர்வமாகச் சொல்கிறேன், அப்படி ஒருவர் இருந்ததில்லை."

"இருந்தேன்," என்றது தூண்.

பேராசிரியர் நான்கு விநாடி தடுமாறினார். பிறகு, ஜடப்பொருள் பேசுவது நவீனத்துவத்தின் ஆதாரமான உத்தி, பேரவை அதை இன்று மேடையிலேயே நிகழ்த்திக் காட்டியிருக்கிறது என்றார். பலத்த கைதட்டல்.

தையல்காரர் துணியை உரித்துக் கீழே போட்டார். கையை அசைக்காமல் நிதானமாக உரித்தார். உள்ளே சாதாரணச் சட்டையும் கழுத்தில் இஞ்ச் டேப்புமாக ஒரு குட்டை மனிதர், தோளில் எழுத்தாளரின் கையோடு நின்றார். அந்தப் பாதிப் படம் முழுசாகிவிட்டது. செயலர் பாய்ந்து மேடையேறினார்.

"நகராதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். நீங்க நகர்ந்தா கை போயிடும்."

"நகரல. நான் இவருக்கு யாருன்னு மட்டும் அந்த மைக்ல சொல்லிடுங்க. அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் நிக்கிறேன்."

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணை மூடித் திறந்தார். செயலர் மைக்கில், இவர் எழுத்தாளரின் உதவியாளர் என்றார். தையல்காரர் இடது காலை ஒரு அங்குலம் நகர்த்தினார். முழங்கைக் கம்பி முனகியது. நண்பர் என்றார் செயலர். அடுத்த அங்குலத்துக்கு நெருங்கிய நண்பர் ஆக்கினார். மிக நெருங்கிய நண்பர், இணைபிரியாத நண்பர் என்று வியர்க்க வியர்க்க ஏற்றிக்கொண்டே போனார். கூடப்பிறக்காத சகோதரர் என்று சொல்லிவிடுங்களேன் என்று அமைச்சர் உட்கார்ந்தபடியே உதவினார். ஒரு சொல்தான் பாக்கி. அது தெரியாதவர் அந்த அரங்கத்தில் ஒருவர்கூட இல்லை. அதைச் சொல்ல நானூறு வாயில் ஒரு வாய் திறக்கவில்லை.

தையல்காரர் முன்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. நம்ம வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருக்கீங்க. உங்க தம்பிக்கு நான் யாரு?"

அக்காவின் வாய் திறந்தது. கண் ஒருமுறை அமைச்சர் பக்கம் போய்விட்டு வந்தது. "வீட்டுல போய்ப் பேசிக்கலாம் தம்பி," என்றார். "எல்லாரும் பார்க்குறாங்க."

தையல்காரர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு வலித்தது தோள் இல்லை. பிறகு வலது கையால் அந்தச் சாந்து விரல்களைப் பற்றி, பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பாமல் காலையில் எழுந்து போகிறவர் செய்வதைப் போல, மெல்லத் தூக்கி, தன் தோளை வெளியே எடுத்துக்கொண்டார். கை ஒரு விநாடி அப்படியே நின்றது. அவர் மேடைப் படிகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் அது விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்பதால் அவர் பார்க்கவில்லை.

பேரவை அன்று மாலையே கூடியது. கை இல்லாத சிலைதான் நவீன மனிதனின் சிதைவைச் சரியாகக் காட்டுகிறது என்று பேராசிரியர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க, அது ஏற்கப்பட்டது. சேதத்துக்கு ஒரு அறிக்கை மட்டும் தேவைப்பட்டது. இரண்டு நாள் கழித்துச் செயலர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது தையல்காரர் பையில் துணிமணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மிஷின் காட்சிப்பொருளாகிவிட்டதால் அதை எடுக்க முடியவில்லை. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டார்.

செயலர் பழைய தன்மையான குரலுக்குத் திரும்பியிருந்தார். நடந்ததையெல்லாம் பேரவை பெருந்தன்மையோடு மறந்துவிட்டது, இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் தையல்காரர் எப்போதும்போல வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றார். மேடையில் பக்கத்தில் இருந்து பார்த்த நேரடிச் சாட்சி அவர் ஒருவர்தானாம். தையல்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். 'மேற்படி கை தானாகவே விழுந்தது. அச்சமயம் சிலையின் அருகில் யாரும் இல்லை.' தலைவர் போட்டிருந்தார், பேராசிரியர் போட்டிருந்தார், அக்காவும் போட்டிருந்தார். உடற்பயிற்சி ஆசிரியரின் கையெழுத்து மட்டும் கோணல்மாணலாக இருந்தது. சாட்சி என்ற இடம் காலியாக இருந்தது.

தையல்காரர் வீட்டுச் சாவியை அந்தத் தாளின்மேல் வைத்தார்.

"பக்கத்துல யாருமே இல்லன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்களே," என்றார். "அப்புறம் இதுல யாரு கையெழுத்துப் போடுறது?"